பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்டவர்

டாக்டர் வரதராஜுலு நாயுடுவின் வாழ்க்கை

தாமிரபரணி ஆற்றின் கரையிலே இருக்கிறது சேரன்மகாதேவி. திருநெல்வேலியிலிருந்து மேற்கே அம்பாசமுத்திரம் போகும் ரயிலில் ஏறினால், வழியில் இந்த ஊர் வரும். ஒரு பக்கம் ஆறு. சுற்றிலும் நெல் வயல். மேற்கே பொதிகை மலை.

1925-ம் ஆண்டில் இந்த ஊரின் பெயர் தமிழ்நாடு முழுவதும் அடிபட்டது. தலைவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மகாத்மா காந்தியே வந்து சமரசம் பேசினார். அப்படியும் சண்டை தீரவில்லை.

இவ்வளவுக்கும் காரணம் என்ன?

இரண்டு சிறுவர்கள், மற்றப் பிள்ளைகளோடு சேராமல், தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவ்வளவுதான்!

இது ஒரு பெரிய விஷயமா என்று அன்றைக்கே பலர் கேட்டார்கள். பெரிய விஷயம்தான் என்றார் ஒருவர். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பொதுமக்கள் பணம் கொடுத்திருக்கிறார்கள். பொதுமக்கள் பணத்தில் நடக்கும் இடத்தில் பிறப்பைப் பார்த்து இலை போடலாமா என்று அவர் கேட்டார்.

அவர்தான் டாக்டர் வரதராஜுலு நாயுடு.

ராசிபுரத்துப் பிள்ளை

வரதராஜுலு நாயுடு 1887-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி சேலம் ஜில்லா ராசிபுரத்தில் பிறந்தார்.

அவர் பள்ளியில் படித்த காலம், சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவிய காலம். வெளிநாட்டுத் துணியை உடுத்தக் கூடாது, உள்நாட்டுப் பொருளையே வாங்க வேண்டும் என்று இளைஞர்கள் உறுதி எடுத்துக்கொண்டார்கள். தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை கப்பல் ஓட்டினார். அந்த வேகம் சேலத்து இளைஞரையும் தொட்டது.

நாயுடு நாட்டு வைத்தியம் கற்றார். நோயாளிகள் தேடி வந்தார்கள். கையில் பணமும் சேர்ந்தது. டாக்டர் என்ற பெயரும் நிலைத்தது. வைத்தியத் தொழிலை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால், அவர் சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் மனம் அதில் நிற்கவில்லை. அவர் பத்திரிகை நடத்தினார். மேடை ஏறினார்.

அவர் பேச்சு எளிய தமிழில் இருக்கும். படித்தவர்கள் மேடையில் ஆங்கிலத்தில் பேசுவதைப் பெருமையாக நினைத்த நாட்கள் அவை. குடியானவருக்கும் கூலிக்காரருக்கும் புரியும்படி தமிழில் பேசியவர்கள் சிலரே. அந்தச் சிலரில் ஒருவர் நாயுடு.

மதுரை வழக்கு

1918-ம் ஆண்டில் மதுரை ஆலைத் தொழிலாளர்களிடையே நாயுடு பேசினார். அந்தப் பேச்சு ராஜதுரோகம் என்று வெள்ளைக்கார அரசாங்கம் வழக்குப் போட்டது.

அவருக்காக வாதாட ஒரு வக்கீல் சேலத்திலிருந்து மதுரைக்கு வந்தார். அவர்தான் ராஜாஜி. கீழ்க் கோர்ட்டு நாயுடுவைத் தண்டித்தது. மேல் முறையீட்டில் ஐகோர்ட்டு அவரை விடுதலை செய்தது.

நாயுடுவுக்காக வாதாடிய ராஜாஜியும், நாயுடுவும் ஏழு ஆண்டுகள் கழித்து எதிர் எதிராக நிற்கப்போகிறார்கள் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

வழக்கு நாயுடுவின் வாயை அடைக்கவில்லை. 'பிரபஞ்சமித்திரன்' என்ற வார இதழை அவர் நடத்தினார். பிறகு 'தமிழ்நாடு' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். எழுதியதற்காகவும் பேசியதற்காகவும் அவர் சிறை சென்றார். தென்காசியைச் சேர்ந்த டி. எஸ். சொக்கலிங்கம், பின்னாளில் புகழ்பெற்ற பத்திரிகை ஆசிரியர், இளமையில் வேலை பழகியது 'தமிழ்நாடு' பத்திரிகையில்தான்.

அந்தக் காலத்தில் நாயக்கர், நாயுடு, முதலியார் என்று மூன்று பெயர்களைச் சேர்த்தே சொல்லுவார்கள். நாயக்கர் என்றால் ஈரோட்டுப் பெரியார் ஈ. வெ. ராமசாமி. முதலியார் என்றால் திரு. வி. கலியாணசுந்தரனார். இந்த மூவரும் காங்கிரசில் இருந்தார்கள். ஊர் ஊராகப் போய் மக்களைத் திரட்டினார்கள்.

ஆற்றங்கரைக் குருகுலம்

இனிச் சேரன்மகாதேவிக்கு வருவோம்.

அங்கே குருகுலம் அமைத்தவர் வ. வே. சு. ஐயர். திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள வரகனேரியில் பிறந்தவர். பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போனார். அங்கே சாவர்க்கர் முதலிய புரட்சிக்காரர்களோடு சேர்ந்தார். போலீசார் தேடியபோது, மாறுவேடத்தில் தப்பி 1910-ல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அப்போது அங்கேதான் இருந்தார்கள். ஐயர் பல ஆண்டுகள் அங்கே இருந்தார். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தமிழில் சிறுகதை எழுதிய முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

ஊர் திரும்பிய பிறகு 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியரானார். அதற்காக பெல்லாரிச் சிறையில் அடைக்கப்பட்டார். சிறையிலும் சும்மா இருக்கவில்லை. கம்ப ராமாயணத்தைப் பற்றி ஆராய்ச்சி நூல் எழுதினார்.

விடுதலையான பிறகு ஐயருக்கு ஓர் ஆசை. வெள்ளைக்காரன் வகுத்த கல்வி குமாஸ்தாக்களைத்தான் உண்டாக்குகிறது. தமிழிலே பாடம் சொல்லி, உடல் உழைப்பும் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்து, வீரமுள்ள பிள்ளைகளை உண்டாக்க வேண்டும். இதுதான் அவர் ஆசை. 1922-ல் குருகுலம் முதலில் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கியது. பிறகு சேரன்மகாதேவிக்கு மாறியது.

நல்ல எண்ணம். நல்ல மனிதர். நாடு அவரை நம்பியது. செட்டிநாட்டுச் செல்வர்களும், கடல் கடந்து மலாய் நாட்டில் வாழ்ந்த தமிழர்களும் நன்கொடை கொடுத்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் கொடுப்பதாக ஒப்புக்கொண்டது. முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது.

ஒரு பவுன் தங்கம் ஏறத்தாழ 15 ரூபாய்க்கு விற்ற காலம் அது. 5,000 ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

யாருடைய பணம்?

அந்தப் பணம் காங்கிரசுக்கு எங்கிருந்து வந்தது? மக்களிடமிருந்துதான்.

1921-ல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு நாடெங்கும் 1 கோடி ரூபாய் திரட்டினார்கள். பணக்காரர் ஆயிரக்கணக்கில் கொடுத்தார்கள். பெண்கள் கைவளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஏழைகள் காலணாவும் அரையணாவும் போட்டார்கள். அந்த உண்டியலில் எல்லாச் சாதிக்காரர் காசும் விழுந்தது. காசுக்குச் சாதி இல்லை. எது யார் போட்டது என்று பிரித்து எடுக்கவும் முடியாது.

இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் நாயுடுவின் கேள்வி விளங்கும்.

இரண்டு பந்தி

குருகுலத்தில் பல சாதிப் பிள்ளைகளும் படித்தார்கள். எல்லோரும் ஒன்றாகப் பாடம் கேட்டார்கள். ஒன்றாகத் தோட்ட வேலை செய்தார்கள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில், பிராமணச் சிறுவர்கள் இருவர் மட்டும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஐயர் சாதி வேறுபாடு பார்க்கிறவர் அல்லர். அவர் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்தே சாப்பிட்டார். பிறகு ஏன் இப்படி?

அந்த இரு பிள்ளைகளின் பெற்றோர், தனியாகச் சாப்பாடு போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு பிள்ளைகளைச் சேர்த்திருந்தார்கள். ஐயர் சம்மதம் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்கை மீற அவர் மனம் இடம் கொடுக்கவில்லை.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. பிள்ளைகள் ஊருக்குப் போய்ச் சொன்னார்கள். பெற்றோர் மனம் வருந்தினார்கள். நன்கொடை கொடுத்தவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். காங்கிரஸ் காரியதரிசியாக இருந்த பெரியாரிடம் மீதி 5,000 ரூபாய்க்குக் கேட்டபோது, இந்த வேறுபாட்டை நீக்காமல் கொடுக்க முடியாது என்று அவர் மறுத்தார்.

நாயுடுவின் கேள்வி

1925-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவர் வரதராஜுலு நாயுடு. அவர் நினைத்திருந்தால் கட்சியின் மானம் போய்விடும் என்று விஷயத்தை மூடி மறைத்திருக்கலாம். பெரும்பாலும் தலைவர்கள் செய்கிற காரியம் அதுதான். எதிர்க்கட்சியான ஜஸ்டிஸ் கட்சி அப்போது மாகாண ஆட்சியில் இருந்தது. காங்கிரசில் பிராமணர் ஆதிக்கம் என்று அது தினந்தோறும் குற்றம் சாட்டி வந்தது. வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டு வந்தால் எதிரிக்குத்தானே லாபம்?

நாயுடு அப்படி எண்ணவில்லை. தன் கட்சியைத் தானே கேள்வி கேட்டார். 'தமிழ்நாடு' பத்திரிகையில் எழுதினார். ஊர் ஊராகப் பேசினார்.

அவர் கேட்டது சிக்கலான கேள்வி அல்ல. ஒருவர் தம் வீட்டில், தம் காசில், யாரோடு சாப்பிடுவது என்பது அவர் இஷ்டம். குருகுலம் தனி வீடு அல்ல. தேசியக் கல்வி நிலையம் என்று பெயர் சொல்லி, பொதுமக்களிடம் பணம் வாங்கி நடக்கும் இடம். அங்கே தனிப் பந்தி போட்டால், கொடுத்தவர்களுக்கே அவமானம் அல்லவா? நாளைக்குச் சுயராஜ்யம் வந்தால் அதிலும் இரண்டு பந்தி இருக்குமா?

குருகுலத்தை மூட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும் என்றுதான் சொன்னார். திரு. வி. க. தம் 'நவசக்தி' பத்திரிகையில் ஆதரித்தார். பெரியார் பக்கபலமாக நின்றார்.

எதிர்த்தவர்களும் சாமானியர் அல்லர். சமபந்தியை ஒவ்வொருவரும் மனம் ஒப்பி ஏற்க வேண்டும், கட்டாயப்படுத்துவது தவறு என்று அவர்கள் வாதாடினார்கள். நாட்டுக்காக எல்லாவற்றையும் இழந்த ஐயரை இரண்டு பிள்ளைகளின் சாப்பாட்டுக்காக வதைக்கலாமா என்று வருந்தினார்கள். அந்த வருத்தத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

காந்தி சொன்ன வழி

1925 மார்ச்சு மாதம் காந்தி சென்னைக்கு வந்தார். விஷயம் அவரிடம் போயிற்று. அவர் ஒரு நடுவழி சொன்னார். பெற்றோருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஆகவே அந்த இரண்டு பிள்ளைகள் மட்டும் தனியாகச் சாப்பிடட்டும். இனிமேல் சேரும் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகவே சாப்பிட வேண்டும் என்பதே அந்த வழி.

பலருக்கு அது சரி என்று பட்டது. நாயுடு அதை ஏற்கவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு விலக்குக் கொடுத்தால், கொள்கை அங்கேயே உடைந்துபோகிறது என்பது அவர் கருத்து. காந்தியின் பெயரை வேதமாக நினைத்த காலத்தில், காங்கிரஸ் தலைவர் ஒருவர் காந்தியின் யோசனைக்கு இணங்காமல் நிற்பது எளிய காரியம் அல்ல.

திருச்சிக் கூட்டம்

1925 ஏப்ரல் கடைசியில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி திருச்சியில் கூடியது. விவாதம் சூடாக நடந்தது.

எஸ். ராமநாதன் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது. தேசிய இயக்கத்தைச் சேர்ந்த எல்லா நிலையங்களும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது தீர்மானத்தின் சாரம். பெரும்பான்மை வாக்குகளால் அது நிறைவேறியது.

உடனே ராஜாஜி, டாக்டர் ராஜன் முதலிய சிலர் கமிட்டியிலிருந்து ராஜினாமாச் செய்தார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன்பு மதுரைக் கோர்ட்டில் நாயுடுவுக்காக வாதாடிய அதே ராஜாஜி!

ஐயரும் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். டி. ஆர். மகாதேவ ஐயர் பொறுப்பை ஏற்றார்.

அருவியில் போன உயிர்

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் கலங்கும்.

1925 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஐயர், குருகுலப் பிள்ளைகளோடும் தம் மகள் சுபத்திரையோடும் பாபநாசம் மலைக்குப் போனார். சேரன்மகாதேவிக்கு வரும் அதே தாமிரபரணி, அங்கே அருவியாக விழுகிறது. அருவிக்கு அருகே ஆற்றைத் தாண்டும்போது சுபத்திரை தவறி வெள்ளத்தில் விழுந்தாள். மகளைக் காப்பாற்ற ஐயர் குதித்தார். இருவரும் மீளவில்லை.

அப்போது ஐயருக்கு வயது 44. லண்டன் போலீசாரின் கண்ணில் மண்ணைத் தூவியவர், பெற்ற பாசத்தால் ஆற்றோடு போனார். அவரோடு சண்டை போட்டவர்களும் அவருடைய தியாகத்தைக் குறைத்துச் சொன்னதில்லை.

தலைவனை இழந்த குருகுலம் பழைய நிலைக்கு வரவில்லை. சிறிது காலம் நடந்து, பிறகு மறைந்துபோயிற்று.

இந்தச் சண்டையில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று கணக்குப் போட முடியாது. தீர்மானம் நிறைவேறியது, ஆனால் பள்ளிக்கூடம் போயிற்று. கேள்வி நியாயமானது, ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரியது. இரண்டு பேரும் நல்லவர்களாக இருக்கும்போது வரும் சண்டைதான் மிகவும் கசப்பானது.

பிறகு நடந்தவை

பெரியார் 1925 மே மாதம் ஈரோட்டில் 'குடி அரசு' இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் காங்கிரசை விட்டு வெளியேறினார். சுயமரியாதை இயக்கம் வளர்ந்தது. தமிழ்நாட்டு அரசியலின் பாதையே திரும்பியது. அந்தத் திருப்பத்தின் ஒரு முனை சேரன்மகாதேவியில் இருக்கிறது.

நாயுடு பெரியாரோடு போகவில்லை. சில ஆண்டுகள் காங்கிரசிலேயே இருந்தார். 'தமிழ்நாடு' பத்திரிகையை நாளிதழாக ஆக்கினார். பிறகு காங்கிரசை விட்டு விலகினார். 1932-ல் சென்னையில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' என்ற ஆங்கில நாளிதழைத் தொடங்கியவர் அவர்தான். பணமுடையால் அதை வெகுநாள் நடத்த முடியவில்லை. பத்திரிகை பிறர் கைக்குப் போயிற்று. ஆனால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இடையில் இந்து மகாசபையிலும் இருந்தார். மறுபடி காங்கிரசுக்குத் திரும்பினார். முதுமையில் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். கட்சி மாறினார் என்று அவரைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1925-ல் அவர் கேட்ட கேள்வி, அவர் இருந்த எல்லாக் கட்சிகளையும் விடப் பெரியது.

1957-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி வரதராஜுலு நாயுடு காலமானார். அப்போது அவருக்கு வயது 70.

கேள்வி சட்டமாயிற்று

நாயுடு தம் கண்ணாலேயே பார்த்துவிட்டுப்போன மாறுதல்கள் உண்டு.

1950 ஜனவரி 26-ந் தேதி இந்திய அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தது. அரசாங்கப் பணம் பெறும் எந்தக் கல்வி நிலையமும் சாதியைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று அதன் 29-வது பிரிவு சொல்கிறது. அரசாங்கப் பணத்தில் பராமரிக்கும் கிணறு, குளம், சாலை ஆகியவற்றை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று 15-வது பிரிவு சொல்கிறது. தீண்டாமையை 17-வது பிரிவு ஒழித்தது.

பணம் எல்லோருடையது என்றால் இடமும் எல்லோருடையது. சேரன்மகாதேவியில் எழுந்த கேள்வியின் சாரமும் இதுதான்.

1950-களின் நடுவிலே காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, பள்ளிக்கூடங்களில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடத் தொடங்கினார்கள். பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் அந்தத் திட்டம் தொடங்கியது. அந்தச் சோறு பொதுப் பணத்தில் வெந்த சோறு. ஆகவே பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே பந்தி என்பதுதான் அங்கே முறை.

இன்றைக்குச் சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் எழுந்து, எங்கள் ஊருக்கு ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று, அது எல்லோருக்கும் பயன்பட்டதா என்று கேட்கிறார்கள். அமைச்சர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்பது உறுப்பினரின் கடமை. சொல்வது ஆட்சியின் கடமை. அந்த உரிமை சும்மா வந்ததல்ல. எதிரியைப் பார்த்துக் கேள்வி கேட்பது எளிது. தன் கட்சியைப் பார்த்து, தன்னோடு சிறை சென்றவர்களைப் பார்த்து, காந்தியே சமரசம் சொன்ன பிறகும் கேட்பது கடினம். அந்தக் கடினமான காரியத்தைச் செய்தவர் ராசிபுரத்து வைத்தியர்.

சேரன்மகாதேவி இன்று ஒரு தாலுகாவின் தலைநகர். தாமிரபரணி அன்று போலவே ஓடுகிறது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மதியம் மணி அடித்ததும், பிள்ளைகள் தட்டோடு ஓடி வந்து பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். பக்கத்தில் இருப்பது யார் வீட்டுப் பிள்ளை என்று எந்தப் பிள்ளையும் கேட்க வேண்டியதில்லை.